தொண்டை அடைத்த வரி

மாவு அக்காவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் ஏதாவது எழுதித்தானே இருப்பார்கள். செல்லூரில் நாங்கள் குடியிருந்த சந்தில் மட்டும் அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. நான் அங்கே குடிபோன நாளில் வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்து, குழாயில் தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும் என்று ஒப்பித்துவிட்டு, "மாவு வேணும்னா எதிர் வீடு. புத்தி வேணும்னாலும் எதிர் வீடுதேன்" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். பாதி கிண்டல்தான்.

அந்தச் சந்தை இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது மத்தியான வெளிச்சம். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்து நின்றதால் வெயில் நேராக உள்ளே வராது. எதிர்ச் சுவரில் பட்டு, அரிசி கழுவிக் கொட்டிய தண்ணீரில் பட்டு, அக்கா வீட்டு முன்னறைக் கூரையில் போய் அசைந்துகொண்டிருக்கும். கீழே கிரைண்டர்கள் சுற்றும். அந்த முனகலுக்குள் யார் பேசினாலும் எங்கோ தள்ளியிருந்து பேசுவதுபோல் கேட்கும். உளுந்து பொங்கும் வாசனையும் சாம்பிராணியும் கலந்து வரும். நான் அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். மதியம் சாப்பிட வந்தால் திரும்பிப் போகவே மனசு வராது. அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து அப்படியே கண் சொக்கிப் போவேன்.

அக்கா நல்ல உயரம். முழங்கை வரை எப்போதும் மாவு. எழுமலைப் பக்கம் பிறந்தவர். அவர் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டி ஓட்டினார். கிரைண்டர்களுக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் மஞ்சள் துணியில் சுற்றிய கனமான பதிகப் புத்தகம், அதன்மேல் ஒரு மஞ்சள் கயிறு. மாவு தெறிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. சாமிக்கு மழைக்கோட்டு போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். அக்கா சிரித்தார். ஆனால் உறையைச் சரிசெய்துவிட்டுத்தான் சிரித்தார்.

அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். பதிகம், ஓதுதல் எல்லாம் அந்த வீட்டில் யாரும் அறியாதது. கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிதில், பக்கத்துச் சிவன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடி நாள் முழுக்கப் பதிகம் பாடுவார்கள், மதியம் சாப்பாடும் உண்டு என்று யாரோ அழைத்துப் போயிருக்கிறார்கள். "சத்தியமாச் சொல்றேன்த்தா, நான் புளியோதரைக்குத்தேன் போனேன்" என்பார் அக்கா. "திங்கப் போன எடத்துல மாட்டிக்கிட்டேன்." அங்கேதான் கயிறு சாத்திப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மனசில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, மூடிய புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே கயிற்றை நுழைப்பார்கள். கயிறு விழுந்த பக்கத்தில் எந்தப் பதிகம் இருக்கிறதோ, அதுதான் சாமி சொல்லும் பதில். பெரியவர்கள் அதைப் படித்து அர்த்தம் சொல்வார்கள். அக்காவின் வழி வேறு. அவர் அர்த்தம் சொல்ல மாட்டார். கிரைண்டர்களை நிறுத்துவார். சந்தே திடீரென்று அமைதியாகிவிடும். கேட்க வந்தவரையே பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படிக்கச் சொல்வார். எழுத்துத் தெரியாதவர் என்றால் இவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லக் கேட்டு அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி இருப்பார். முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"எந்த வரியில தொண்ட அடைச்சுச்சு?"

அந்த வரிதான் பதில். அர்த்தத்தை அவரவர் வயிற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தபின் அக்கா சொல்வார்: "சரி. பொழுது சாயறதுக்குள்ள போயிச் செய்யி." மறுநாள், பார்க்கலாம், யோசிக்கிறேன் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. அதனால் கயிற்றைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "செய்வியா? செய்ய மாட்டேன்னா கேக்காத. மாவு மட்டும் வாங்கிட்டுப் போ."

நானும் ஒருமுறை போனேன். அம்மா ஒரு மாப்பிள்ளை போட்டோவை அனுப்பி நச்சரித்துக்கொண்டிருந்தாள். செல்போனில் அந்தப் படத்தைக் காட்டி, "கயிறு சாத்திப் பாக்கலாமாக்கா?" என்றேன். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"முடிவு பண்ணிட்டு வந்துட்டு எதுக்குத்தா சாமிய இழுக்குற? வேண்டாம்னா வேண்டாம்னு உங்கம்மாட்ட நீயே சொல்லு. சாமி சொல்லுச்சுன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்குறியா?"

எனக்கு ரோஷம் வந்து ஒரு வாரம் கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். இட்லி கல்லாக வந்தது. திரும்பிப் போனேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். மாடியில் மகன் குடும்பம். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாடிக்கு வெளியே தனிப் படிக்கட்டு கட்டிவிட்டால் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை, கட்டலாமா என்று கேட்க வந்தார். படித்துக்கொண்டே போனவர், சாமி பிச்சைப் பாத்திரத்தோடு வீடு வீடாக வந்து வாசலில் நிற்கும் இடத்தில் இருமினார். மறுபடி இருமினார்.

"சளி" என்றார்.

"சளி இல்லண்ணே" என்றார் அக்கா.

அன்று விளக்கு வைப்பதற்குள் அவர் கையில் டீ பிளாஸ்க்கோடு மாடிப்படி ஏறுவதை நான் என் ஜன்னல் வழியே பார்த்தேன். அடுத்த நாள் அக்காவிடம் வந்து, மகன் பிளாஸ்க்கைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று புகார் சொன்னார். சொன்ன குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் சும்மா இருக்கிறவர் இல்லை அக்கா. டீக்கடைக்காரருக்கும் அவருக்கும் சாக்கடைத் தகராறு. இவர் மாவுத் தண்ணீரும் அவர் டீத்தூளும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மாநகராட்சியில் புகார் கொடுக்கலாமா என்று கயிறு சாத்தினார். சாமி விஷத்தைத் தானே எடுத்துக் குடித்துத் தொண்டையில் நிறுத்திக்கொண்ட வரியில் அவர் குரல் நின்றது. எழுந்து சேலையை இழுத்துச் செருகி, கடப்பாரையை எடுத்துப் போய்ச் சாக்கடையைத் தானே குத்த ஆரம்பித்துவிட்டார். டீக்கடைக்காரர் கரண்டியும் கையுமாகப் பதறி ஓடி வந்தார்.

"ஏக்கா, தெரு பூராப் பாக்குது. இது எனக்கு என்ன தண்டனையா?"

"ஒனக்கில்லப்பா. எனக்கு. நீ போயி டீ ஆத்து."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இப்படி ஒரு ஆள் எந்தப் பள்ளத்திலும் விழுவார் என்று தோன்றும். ஒருமுறை விழவும் செய்தார். கணவனிடம் கோபித்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் இருந்த பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் கேட்க வந்தாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்பது கேள்வி. சாமியும் அம்மனும் பிரியாமல் ஒன்றாக இருக்கும் வரியில் அவள் குரல் உடைந்தது. அன்று மட்டும் அக்கா தானே அர்த்தம் சொன்னார்: "போயிரு." போனாள். சில நாளில் கன்னம் வீங்கித் திரும்பி வந்தாள்.

அக்கா அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவளோடு மகளிர் காவல் நிலையத்துக்கு அலைந்தார். அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடவே இல்லை. கயிறு பலகையில் அப்படியே கிடந்தது. ஒரு மத்தியானம் என்னிடம் தானாகவே சொன்னார்: "அவளுக்குத் தொண்ட அடைச்சது பயத்துல. நான் ஆசைன்னு நெனச்சுட்டேன். புத்தகம் சரியாத்தேன் சொல்லுச்சு. என் காது சரியில்ல." அதற்குப் பிறகு எந்த வரியில் அடைத்தது என்று கேட்டதோடு விடமாட்டார். எதனால் அடைத்தது என்றும் கேட்பார். பதில் வரும்வரை கிரைண்டர் ஓடாது.

இத்தனைக்கும் நடுவே ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா உளுந்து வாங்கும் கடையை மாற்றுவதற்குக்கூடக் கயிறு சாத்துகிறவர். ஆனால் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் புத்தகப் பக்கம் திரும்பவே மாட்டார். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டதற்கு, "ஒரு தம்பி" என்று சொல்லி, சொன்ன வேகத்தில் கிரைண்டரைப் போட்டுவிட்டார். மிச்சத்தை வீட்டுக்காரம்மாதான் சொன்னார். தம்பி தன்னோடு படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் அதே ஊரின் காலனித் தெருக்காரி. நர்சு வேலை. அவளுக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் வேலை கிடைத்து இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். ஊரில் யாரும் பேசுவதில்லை, அக்கா உள்பட.

அக்காவும் இப்படியா என்று எனக்கு மனசு கசந்தது. அந்த வாரம் மாவு வாங்கும்போது சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கவனித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் வரிசையில் நின்றேன். அந்த நேரத்தில் சந்து முழுக்கத் தூக்குவாளிகள்தான். அக்கா குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு பாத்திரமாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ஆள் பாத்திரம் எதுவும் கொண்டுவரவில்லை. அவர் முறை வந்தது.

"எம்புட்டு?" என்றார் அக்கா, நிமிராமல்.

"அக்கா" என்றார் அந்த ஆள்.

கரண்டி மாவுக்குள் அப்படியே நின்றது. எனக்கு அந்த ஆளின் முதுகுதான் தெரிந்தது. வெயிலில் கறுத்த பிடரி, இஸ்திரி போட்ட சட்டை. அவர் ஒரு தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு பத்திரிகை.

"வெள்ளிக்கெழமை புள்ளைக்குச் சடங்கு. நீ வந்துதேன் தண்ணி ஊத்தணும். வருவியாக்கா?"

பெண் பெரியவளானால் அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேறு யார் ஊற்றினாலும் அத்தைக்குப் பதிலாக ஊற்றியதாகத்தான் கணக்கு. வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

அக்கா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். தம்பி பதிலுக்காகக் காத்து நின்றார். பிறகு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என் வாளியை வாங்கி அளவில்லாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். வழிந்து என் காலில் கொட்டியது.

அன்று அவர் வீட்டில் சண்டை நடந்தது. அக்கா வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை. குரலை உயர்த்தக்கூடத் தெரியாதவர். அன்றைக்கும் கெஞ்சத்தான் செய்தார். "நீ போனா அங்கிட்டு எங்க அண்ணன் தம்பி சும்மா இருப்பாய்ங்களா? குலசாமி கோயில்ல நம்ம தலக்கட்டையே தள்ளி வச்சிருவாய்ங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பா?" அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. பின்னால் அப்படியேதான் நடந்தது. அந்தப் பங்குனித் திருவிழாவில் அவர்கள் வீட்டுக் கோயில் வரியை வாங்க மறுத்துவிட்டார்கள். சாமி கும்பிடக் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் மதியம் நான் போனபோது கிரைண்டர்கள் ஓடவில்லை. கூரையில் வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்காது.

"எல்லாருக்கும் சாத்துறீங்க. இதுக்குச் சாத்திப் பாக்கலையாக்கா?"

"இதுக்குச் சாத்தியாச்சுத்தா."

"எப்ப? நேத்தா?"

"அவன் கல்யாணத்தப்ப."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். தூக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. தம்பியின் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் முடிச்சுப் போட அக்கா வர வேண்டும் என்று தம்பி ஆள் அனுப்பியிருக்கிறான். புத்தகம் வீட்டுக்கு வந்த புதிது. தனக்கென்று அக்கா முதல் முதலாகக் கயிறு சாத்தியது அதற்குத்தான்.

"குலம் கோத்திரம் கேக்காம யாரு வந்தாலும் சேத்துக்கிற சாமியப் பத்தின பாட்டு. படிக்கையில தொண்ட அடைச்சுப் போச்சு. அம்புட்டுத் தெளிவா இன்னைக்கு வரைக்கும் எனக்கு வேற எதுவுமே சொன்னதில்ல. சேல கூட மாத்திட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன். வெயிலா இருந்துச்சு. சரி, வெயில் தாழட்டும்னு உக்காந்தேன். உக்காந்தேன், உக்காந்தேன், பொழுது சாஞ்சிருச்சு."

பொழுது சாய்வதற்குள் செய் என்று அவர் எங்களை ஏன் அப்படி விரட்டினார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

"இப்ப இன்னொரு தடவ கேளுங்களேன்."

"ஒரு தடவ சொன்னத மறுபடி கேட்டா அது கேள்வி இல்லத்தா. சாக்கு."

"அப்பப் போங்க!" என்று கத்திவிட்டேன். "எங்களையெல்லாம் ஆட்டுனீங்கல்ல? போங்க!"

அக்கா நீட்டிய காலை மடக்கினார். எழுந்து அரிசியைக் கழுவ ஆரம்பித்தார். நான் கோபத்தோடு கடைக்குப் போய் யாரோ ஒருவருடைய ஆதார் அட்டையைக் கோணலாக ஜெராக்ஸ் எடுத்துத் திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. கையில் மாவு இல்லாமல் அவரை நான் பார்த்ததே அன்றுதான். அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, தோளில் ஒரு துணிப்பை.

"கொட்டாம்பட்டி வரைக்கும் கூட வாத்தா. தனியாப் போனா பாதியில எறங்கிருவேன்."

நான் கூட இருந்தும் பாதியில் இறங்கினார். பஸ் மேலூர் நிலையத்துக்குள் நுழைந்ததும் எழுந்து நேராக இறங்கிப் போய் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். எங்கள் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முறுக்கு விற்கிறவர்கள், தலைச்சுமைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் எங்களைச் சுற்றித் தண்ணீருக்குள் நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

"அன்னைக்குப் போகாம இருந்ததுக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்றார் அக்கா. "கறிய விட்டேன். கவுச்சி வாடையே கூடாதுன்னு. எல்லாரும் பக்தின்னாங்க. எது செய்யணுமோ அதச் செய்யாம, எனக்கு எது தோதோ அதச் செஞ்சுக்கிட்டேன்."

திருச்சி பஸ் ஒன்று வந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிடித்த கை ஈரமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்ல நேரம் தாண்டுகிறது என்று, அவர்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அத்தை இடத்தில் நின்று தண்ணீர் ஊற்றிவிட்டார். வாசலை அடைத்துச் சாமியானா பந்தல். பாட்டு அலறியது. தம்பி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். வந்தவர் அக்காவின் முன்னால் நின்று கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக இருந்தார். பேச்சே வரவில்லை.

அவர் மனைவிக்குப் பேச்சு வந்தது. ஒல்லியான பெண், நெற்றியில் வேர்வை. அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க" என்றார். மதினி என்று சொல்லவில்லை. "ஒங்க தம்பி விடியக்காலையில இருந்து ரோட்டப் பாத்துக்கிட்டே நின்னாரு. எல்லாத்துக்கும் புத்தகத்தப் பாத்துச் செய்வீங்களாமே. புத்தகம் இன்னைக்குத்தேன் போகச் சொல்லுச்சா?"

சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி, "ஏ, சும்மா இரு" என்றார். அக்கா அவரைக் கையால் தடுத்தார்.

"அது ஒங்க கல்யாணத்துக்கே போகச் சொல்லிருச்சு. நாந்தேன் போகல."

அந்தப் பெண் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சண்டை போடத் தயாராக வைத்திருந்த குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அத்தை எடத்துக்கு ஆள் வந்து செஞ்சாச்சு. இனி சாப்பாடுதேன். எங்க வீட்டுச் சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துக்காது. ரோட்டுல ஓட்டல் இருக்கு, ஏதாச்சும் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"எலையப் போடுத்தா" என்றார் அக்கா. போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண்ணே வாளியைத் தூக்கி வந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு. சோற்றின் மேல் ஒரு கரண்டி ஊற்றி, எலும்பும் சதையுமாக எடுத்து வைத்து, நகராமல் அங்கேயே நின்றார். அவர் பக்கத்து ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டுச் சோற்றில் இந்த அம்மா கை வைக்கிறதா என்பதுதான் அத்தனை பேர் கண்ணிலும் இருந்தது. அக்கா சைவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரசம் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அங்கே ஒருவர்கூட நம்பப் போவதில்லை.

"அக்கா வந்து…" என்று ஆரம்பித்தேன். அக்கா என் தொடையை அழுத்திக் கிள்ளினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா சோற்றைப் பிசைந்தார். மாவுக்குள் கை விட்டுக் கலக்குகிறவர் அவர். அன்றைக்கு ஒரு பிடிச் சோற்றைப் பிசைய அவ்வளவு நேரம் எடுத்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். அது உள்ளே இறங்கவில்லை. எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றபடியே இருந்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு விழுங்கினார்.

"காரமா?" என்றார் அந்தப் பெண்.

"இல்லத்தா. பக்குவமா இருக்கு. இன்னுங் கொஞ்சம் வையி."

அந்தப் பெண் வைத்தார். அக்கா சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல், எலும்பை உறிஞ்சி, விரலை வழித்து, மோர் வரைக்கும் சாப்பிட்டார். நான் என் இலையைத் தொடவே மறந்துவிட்டேன். பாட்டுச் சத்தம் எங்கோ வெகு தூரத்தில் கேட்டது. பந்தல் துணி வழியாக இறங்கிய வெயில் அத்தனை பேர் முகத்தையும் மஞ்சளாக்கி வைத்திருந்தது. அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி, அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு அடி நகரவில்லை.

அக்கா இலையை மூடி எழுந்தார். அந்தப் பெண் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏய், இங்கிட்டு வா. அத்த எந்திரிச்சுட்டாங்க பாரு. கைக்குத் தண்ணி ஊத்து."

பட்டும் மாலையுமாக அந்தப் பிள்ளை வெளியே வந்தாள். அக்காவின் உயரம் அப்படியே இருந்தது அவளுக்கு. சொம்பை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எந்த அத்த, அம்மா?"

"ஒனக்கு எத்தன அத்த இருக்கு? அப்பாவோட அக்கா. ஊத்து."

பந்தல் ஓரத்தில் அக்கா இரண்டு கைகளையும் நீட்டிக் குனிந்து நின்றார். அந்தப் பிள்ளை மெதுவாக ஊற்றினாள். எச்சில் போய், எண்ணெய் போய், கை சுத்தமான பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை. அவளும் நிறுத்தாமல் சொம்பு காலியாகும்வரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.